எங்கள் சாஸ்தாவைக் கும்பிட வனத்துறை அனுமதி எதற்கு?

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்யும் ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய குலதெய்வம் ஒரு சாஸ்தா. கோயில் தென்மாவட்ட மலையில், புலிகள் காப்பகத்தின் கோர் ஏரியா எனப்படும் உள்மையப் பகுதிக்குள், ஓர் ஓடைக்கரையில் இருக்கிறது. பீடங்கள், சில மண்குதிரைகள், பழைய கல்மண்டபம், சுற்றிலும் மருத மரங்கள். பங்குனி உத்திரத்துக்குப் பங்காளிகள் எல்லோரும் போய் மூன்று இரவு தங்குவார்கள். சாஸ்தாவுக்குப் பொங்கல், பரிவாரத்தில் இருக்கும் மாடனுக்குக் கிடா, நள்ளிரவில் சாமியாட்டம், குறி கேட்பது என்று எல்லாம் நடக்கும். இரண்டு வருடமாக சோதனைச்சாவடியில் நிறுத்தி, ‘காலை ஆறு மணிக்கு மேல் போங்கள், மாலை நான்குக்குள் திரும்பிவிடுங்கள்’ என்கிறார்கள். இரவு தங்க அனுமதி இல்லை. அரிவாளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ‘தமிழ்நாட்டில் பலியிடவே தடை’ என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். மண்டபத்துக்குத் தகரக் கூரையும் டைல்ஸும் போட்டு, ஒரு போர் இறக்கலாம் என்று ஆரம்பித்த வேலையும் நின்றுபோயிற்று.

அவர் கேட்பது இது: “நூறு வருடத்துக்கு மேலாகக் கும்பிடுகிறோம். ஜமீன் காலத்து ரசீது இருக்கிறது. மதச் சுதந்திரத்தின் கீழ் வழக்குப் போட்டால் ஜெயிப்போமா? வன உரிமைச் சட்டத்தில் கோயில் இடத்துக்குப் பட்டா வாங்க முடியுமா? அடிவாரத்தில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. அங்கே காட்டேஜ் கட்டி, குலதெய்வ தரிசனம், நைட் ட்ரெக்கிங், கேம்ப் ஃபயர் என்று ஒரு பேக்கேஜ் போடலாம் என்கிறான் அண்ணன் மகன். டூரிஸ்ட் ஜீப் போகிற பாதையில் நாங்கள் மட்டும் ஏன் போகக் கூடாது?”

அன்புள்ள ஐயா,

கட்டணம் கட்டியவர் ஜீப்பில் போக, பூசைத் தட்டோடு வந்தவர் கேட்டில் நிற்க வேண்டியிருந்தால் யாருக்கும் கோபம் வரும். அந்தக் கோபத்தில் நான்கு விஷயங்களை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். கும்பிடுவது, நிலம், கட்டட வேலை, அண்ணன் மகனின் தொழில் ஆகிய நான்கும் வெவ்வேறு சட்டங்களில் போய் நிற்பவை. எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதினால், உங்களிடம் இருக்கிற நல்ல கோரிக்கையும் மற்றவற்றோடு சேர்ந்து தள்ளுபடியாகும். முதலில் இவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பரம்பரை உரிமை எவ்வளவு தூரம் தாங்கும்?

உங்கள் கோயில் இருக்கும் இடம் புலிகள் காப்பகம் ஆவதற்கு முன்பே சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, அனுமதிச்சீட்டு இல்லாமல் சரணாலயத்துக்குள் யார் போகலாம் என்று சொல்கிறது. பணியில் இருக்கும் அரசு ஊழியர், உள்ளே குடியிருக்க அனுமதி பெற்றவர், உள்ளே அசையாச் சொத்தில் உரிமை உள்ளவர், பொது நெடுஞ்சாலையில் கடந்து போகிறவர், முதல் மூன்று வகையினரைச் சார்ந்தவர்கள். மற்ற எல்லோரும் 28ஆம் பிரிவின் கீழ் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியை எதற்காகத் தரலாம் என்பதற்கும் பட்டியல் இருக்கிறது: வன உயிரின ஆய்வு, படம் எடுப்பது, அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே வசிப்பவரோடு முறையான வேலை. வழிபாடு அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. சுற்றுலா இருக்கிறது. ஜீப் போவதற்கும் நீங்கள் நிற்பதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான். சட்டம் எழுதியவர்கள் காட்டுக்குள் இத்தனை சாமிகள் இருப்பதை மறந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஜீப்புக்கும் முழுச் சுதந்திரம் இல்லை. 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் கோர் பகுதியில் சுற்றுலாவையே தற்காலிகமாக நிறுத்திவைத்தது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு விதிகளை வெளியிட்ட பிறகு அக்டோபரில்தான் தடை நீங்கியது. அந்த விதிகளின்படி கோர் பகுதியில் அதிகபட்சம் 20 சதவீதத்தில்தான் சுற்றுலா நடக்கலாம். புதிய சுற்றுலாக் கட்டடங்கள் கூடாது. ‘ஜீப் போகிறதே’ என்று நீதிமன்றத்தில் சொன்னால் ஜீப்பை நிறுத்தச் சொல்வார்களே தவிர, உங்கள் வேன்களை விடச் சொல்ல மாட்டார்கள்.

அப்படியானால் உங்களுக்கு உரிமையே இல்லையா? இருக்க வாய்ப்பு உண்டு, அதற்கு ஆவணம் தேட வேண்டும். 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் கீழ் ஒரு காட்டைக் காப்புக்காடாக்கும்போது, நில உரிமை, பாதை உரிமை போன்றவற்றை விசாரிக்க ஒரு செட்டில்மென்ட் அலுவலர் நியமிக்கப்படுவார். விசாரணை முடிந்த பிறகு 16ஆம் பிரிவின் கீழ் இறுதி அறிவிக்கை வரும். அதில் சில காடுகளுக்குக் கோயிலும் கோயிலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையும் பதிவாகியிருக்கும். சரணாலயம் அறிவிக்கும்போதும், ஏற்கெனவே இருந்த ஓர் உரிமையைத் தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்துகொண்டு தொடர அனுமதிக்க 24ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. அந்த அறிவிக்கை, செட்டில்மென்ட் உத்தரவு, பழைய வன வரைபடம், காப்பகத்தின் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தில் உங்கள் கோயிலைப் பற்றி இருக்கும் பக்கம் ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஜமீன் ரசீது நல்ல சான்றுதான். நீங்கள் அங்கே கும்பிட்டு வந்தீர்கள் என்பதை அது காட்டும். இடம் உங்களுடையது என்பதைக் காட்டாது.

வன உரிமைச் சட்டத்தைப் பற்றிய உங்கள் நம்பிக்கையை விட்டுவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் காட்டில் வாழ்பவர்களுக்கானது. பழங்குடி அல்லாதவர் என்றால், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், முதன்மையாகக் காட்டில் வசித்து, பிழைப்புக்குக் காட்டை நம்பியிருந்திருக்க வேண்டும். வருடத்தில் மூன்று நாள் போய்வருவது அதில் சேராது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் 2011இல் சோளகர் பழங்குடிகளுக்குப் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக உரிமைகள் கிடைத்தன என்றால், அவர்கள் அங்கேயே குடியிருப்பவர்கள். உங்கள் மலையில் காணிக்காரர் என்ற பழங்குடிகளின் குடியிருப்பு அருகில் இருந்தால், அந்த இடத்தில் உங்களுக்கு முந்திய உரிமை அவர்களுடையதாக இருக்கக்கூடும். உங்கள் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மனு எழுதுவதற்கு முன் போய்ப் பேசுங்கள்.

எந்த வழக்கத்தைக் கேட்கிறீர்கள்?

அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு தரும் மதச் சுதந்திரம் பொது ஒழுங்கு, சுகாதாரம் முதலியவற்றுக்கு உட்பட்டது. நேரம், எண்ணிக்கை, பாதை ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவதைப் பொதுவாக நீதிமன்றங்கள் மதத்தில் தலையிடுவதாகப் பார்ப்பதில்லை. கோயிலையே மூடினால் நிலைமை வேறு. உங்கள் கோயிலை யாரும் மூடவில்லை.

நான் அதிகம் யோசித்தது உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றி. தாத்தா காலத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் விரதம் இருந்து, அடிவாரத்தில் வண்டியை அவிழ்த்துவிட்டு நடந்து போய், ஒரு ராத்திரி இருந்து திரும்புவார்களாம். இப்போது அறுபது குடும்பம், வேன்கள், ஜெனரேட்டர், சமையல்காரர், மூன்று இரவு. வழக்கத்தின் பெயரால் ஓர் உரிமையைக் கோருகிறவர் அந்த வழக்கத்தின் அளவையும் சேர்த்துத்தான் கோர முடியும். எதிர்த்தரப்பு வக்கீல் உங்களை விசாரித்தால் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்: ‘நூறு வருட வழக்கம் என்கிறீர்கள், வேன் எத்தனை வருடமாக வருகிறது?’

இதையே உங்களுக்குச் சாதகமாகவும் திருப்பலாம். அறுபது குடும்பத்துக்கு மூன்று இரவு என்று கேட்டால் மறுப்பது எளிது. உத்திரத்தன்று ஓர் இரவு மட்டும், சாமியாடி, பூசாரி, மூத்த பங்காளிகள் என்று பதினைந்து இருபது பேர், வனக்காவலர் உடனிருக்க, ஓடையை விட்டுத் தள்ளி மண்டபத்துக்குள் மட்டும் தங்குவோம், மற்ற குடும்பங்கள் பகலில் வந்துவிட்டுப் போகும் என்று கேளுங்கள். அது பழைய வழக்கத்தின் அளவு. மறுப்பதென்றால் காரணம் எழுத வேண்டியிருக்கும்.

இரவு தங்குவதை ஏன் தடுக்கிறார்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். பங்குனியில் மலையில் தண்ணீர் வற்றிப்போய், அங்கங்கே கசம் எனப்படும் ஆழமான குட்டைதான் மிஞ்சும். மிளா மானும் காட்டுமாடும் யானையும் இருட்டிய பிறகு தண்ணீருக்கு வரும் இடத்தில்தான் நீங்கள் லைட் போட்டு, அடுப்பு மூட்டி, முந்நூறு பேர் படுக்கிறீர்கள். மூன்று இரவு அந்தக் கசத்துப் பக்கம் எதுவும் வராது. போகும்போது மிச்சம் வைக்கும் சோற்றுக்குப் பன்றி வரும், கரடி வரும். அடுத்த வருடம் அவை உங்கள் பிள்ளைகள் படுத்திருக்கும்போதே வரும்.

மற்ற கோயில்களில் நடப்பதையும் பாருங்கள். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமி அன்று ஒரே ஒரு நாள்தான் அனுமதி. தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் முன்கூட்டியே கூடிப் பேசி ஏற்பாடு செய்கின்றன. பகலில் போய்ப் பகலிலேயே இறங்கிவிட வேண்டும். சதுரகிரியில் 2015 மே மாதம் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்த பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. களக்காடு முண்டந்துறையில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது. அங்கே எத்தனை நாள் தங்கலாம், தனியார் வாகனம் எதுவரை போகலாம் என்பதெல்லாம் திருவிழாவுக்கு முன்பே அறிவிக்கப்படுகிறது. அவ்வளவு பெரிய கோயிலுக்கே அதுதான் நிலை.

கிடா, அரிவாள், நெருப்பு

‘தமிழ்நாட்டில் பலியிடத் தடை’ என்று சொன்னவர் தவறாகச் சொல்லிவிட்டார். 1950ஆம் ஆண்டில் வந்த உயிர்ப்பலித் தடைச் சட்டம் பல காலம் தூங்கிக்கொண்டிருந்தது. 2003இல் அரசு அதைத் தூசு தட்டி அமல்படுத்தியது. எதிர்ப்பு கிளம்பி 2004இல் சட்டமே ரத்தானது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவும் சமயச் சடங்குக்காகக் கொல்வதைக் குற்றமாக்கவில்லை.

அதற்காகக் கிடாவை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போகலாம் என்று ஆகிவிடாது. வெளியிலிருந்து வரும் ஆடு கோமாரி போன்ற நோயைக் கொண்டுவந்தால் அது காட்டுமாட்டையும் மானையும் தாக்கும். சரணாலயத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று சட்டத்திலேயே இருப்பது இதனால்தான். குடலையும் தோலையும் ஓடையில் அலசினால் அது தனிக் குற்றமாகும்.

அரிவாள் விஷயத்தில் சாவடி ஊழியர் செய்தது சரி. வன உயிரினச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்பதில் கத்தியும் அடக்கம். எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு உள்ளே போவதை 31ஆம் பிரிவு தடுக்கிறது. சாமியாடி கையில் பிடிக்கும் கோயில் அரிவாள் என்றால், ஒன்றோ இரண்டோ, அளவோடு, யார் பொறுப்பு என்று எழுதி முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். ஒருவேளை அபராதம் கட்டச் சொன்னால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். என்ன பிரிவு, என்ன பொருள் கைப்பற்றினார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

நெருப்பைப் பொறுத்தவரை நான் முழுக்க வனத்துறை பக்கம். 30ஆம் பிரிவு காட்டுக்கு ஆபத்து வரும்படி நெருப்பு மூட்டுவதைத்தான் தடுக்கிறது, உண்மை. ஆனால் பங்குனி என்பது காட்டுத்தீக் காலத்தின் நடு. தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தது 2018 மார்ச் 11ஆம் தேதி. பங்குனி பிறக்கச் சில நாள் முன்பு. பொங்கல் ஒரு பானை போதும், மண்டபத்து முன்னால் சருகு கூட்டிய வெறுந்தரையில், கொண்டுபோன விறகில் வையுங்கள். அங்கேயே சுள்ளி பொறுக்குவதும் குற்றத்தில் சேரும். பந்திச் சமையலை அடிவாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிவாரத்தில் இடம் உங்களிடமே இருக்கிறதே! அந்த ஐந்து ஏக்கரில் வேன்களை நிறுத்தலாம், சமைக்கலாம், வயதானவர்கள் தங்கலாம். மாடனுக்குப் பிடிமண் எடுத்து வந்து அங்கே ஒரு பீடம் வைத்தால் கிடா வெட்டும் அங்கேயே நடக்கலாம். எத்தனையோ குடும்பங்கள் பிழைப்புக்காக ஊர் மாறியபோது அப்படித்தான் சாமியைக் கொண்டுபோனார்கள். இருந்தாலும் இது வக்கீல் முடிவு செய்கிற காரியம் இல்லை. பூசாரியையும் பெரியவர்களையும் கேளுங்கள், சாமியிடமும் உத்தரவு கேளுங்கள்.

மண்டபத்துக்குத் தகரமும் டைல்ஸும்

போர் இறக்குவதும் புதிதாகக் கட்டுவதும் காப்புக்காட்டில் வனம் அல்லாத பயன்பாடாகப் பார்க்கப்படும். 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் ஒப்புதல் வரை போகும். சரணாலயம் என்பதால் வன உயிரினச் சட்டத்தின் தடை வேறு. அதற்கு அலைவதில் பயன் இல்லை என்பது என் கணிப்பு. பெயர்ந்த கல்லைத் திரும்ப வைப்பது, ஒழுகும் இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தில் அடைப்பது, உடைந்த மண்குதிரைக்குப் பதில் வேளாரிடம் புதுக் குதிரை செய்து வைப்பது போன்ற பழுதுபார்ப்புக்கு அனுமதி கேட்டால் பேசுவதற்கு இடம் இருக்கும். உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனாலும் சொல்கிறேன்: அந்தப் பழைய கல்மண்டபம் டைல்ஸ் இல்லாமல் இருப்பதால்தான் அது நூறு வருடக் கோயில் என்று ஒரு நீதிபதியை நம்பவைக்க முடியும்.

பரம்பரை அறங்காவலர் என்று பதிவு செய்துகொள்ள அறநிலையத் துறைக்குப் போகலாமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் இணை ஆணையர் அதை விசாரிக்கலாம். ஆனால் அதைக் கேட்பதே இது பொதுக்கோயில் என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். பங்காளிகள் எல்லோருக்கும் அது சம்மதமா?

அண்ணன் மகனின் காட்டேஜ்

உங்கள் அண்ணன் மகன் நல்ல எண்ணத்தில்தான் யோசிக்கிறார், ஆனால் அவர் சொல்லும் மூன்றும் சிக்கல். வழிபாட்டுக்கென்று கிடைக்கும் அனுமதியைப் பேக்கேஜாக விற்றால், அடுத்த வருடம் உங்கள் குடும்பத்துக்கே அனுமதி கிடைக்காது. குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்துவிட்டன. அனுமதித்த பாதையில், அனுமதிச்சீட்டோடு, வழிகாட்டியோடுதான் போக முடியும். அதற்காக 2024இல் அரசே 40 பாதைகளோடு ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. தனியார் நடத்தும் நைட் ட்ரெக்கிங் என்பது காட்டுக்குள் அத்துமீறல்தான். கேம்ப் ஃபயரைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

பட்டா நிலம் என்பதால் எதுவும் கட்டலாம் என்ற எண்ணமும் தவறு. அந்த சர்வே எண் காப்பகத்தின் பஃபர் எனப்படும் வெளிவட்டத்துக்குள் வருகிறதா, காப்பகத்தைச் சுற்றிக் கட்டுப்பாடுகளோடு அறிவிக்கப்படும் சூழல் உணர்திறன் மண்டலத்துக்குள் வருகிறதா, ‘ஹாகா’ எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் கிராமப் பட்டியலில் அந்த ஊர் இருக்கிறதா, யானை வழித்தடம் ஏதும் அறிவித்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். சூழல் உணர்திறன் மண்டல அறிவிக்கைகளில் வழக்கமாகவே காப்பக எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய விடுதிகளுக்குத் தடை இருக்கும். நீலகிரியில் சீகூர் பக்கம் பட்டா நிலத்தில் கட்டிய விடுதிகள் பல 2018இல் மூடி முத்திரையிடப்பட்டன. யானை வழித்தட அறிவிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14ஆம் தேதி தீர்ப்பளித்தது. 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த யானை மேல் நெருப்பை வீசி, அது காயத்தோடு இறந்த பிறகு, அனுமதி இல்லாத தங்குமிடங்கள் மேல் நடவடிக்கை இன்னும் கடுமையானது. கடன் வாங்கிக் கட்டியவர்கள் இன்றும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணன் மகனுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், யாராவது ஒருவர் அங்கேயே குடியிருந்து, இருக்கிற ஓட்டு வீட்டில் இரண்டு அறையைச் சுற்றுலாத் துறையில் ஹோம்ஸ்டேயாகப் பதிவு செய்வதைப் பற்றி யோசிக்கட்டும். வருமானம் கொஞ்சம்தான், ஆனால் முத்திரை வைக்க யாரும் வர மாட்டார்கள். அதையும் கோயில் மனுவோடு சேர்க்காதீர்கள், அதே பெயரில் விளம்பரமும் செய்யாதீர்கள்.

வழக்கா, மனுவா?

முதலில் மனு. காப்பகத்தின் கள இயக்குநருக்கும் துணை இயக்குநருக்கும் முகவரியிட்டு, ஆட்சியருக்கும் சரக அலுவலருக்கும் நகல் அனுப்புங்கள். தேதி, ஆட்களின் பட்டியல், வாகன எண்ணிக்கை, இரவு தங்கும் இருபது பேரின் பெயர், கோயில் அரிவாள், ஒரு பானைப் பொங்கல், குப்பையைத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு ஆகிய எல்லாவற்றையும் எழுதுங்கள். கோயில் இடத்துக்கே வந்து கூட்டாகப் பார்வையிடச் சொல்லிக் கேளுங்கள். வாய்மொழியாகச் சொல்வதை ஏற்காமல், அனுமதியோ மறுப்போ எழுத்தில் கேளுங்கள்.

பதில் வராவிட்டாலோ காரணம் சொல்லாமல் மறுத்தாலோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வரலாம். பெரும்பாலும் ‘மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுங்கள்’ என்ற உத்தரவுதான் வரும். உங்களுக்கு அது போதும். அதற்கு மேல் அடிப்படை உரிமை, காட்டின் மேல் உரிமை என்று பெரிதாக்கினால் வேறோர் ஆபத்து இருக்கிறது. நீதிமன்றம் காப்பகத்துக்குள் இருக்கும் எல்லாக் கோயில்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, இப்போது இருப்பதைவிடக் கடுமையான நிபந்தனை போடலாம். நீங்கள் கேட்காத கேள்விக்கும் பதில் வரும், பக்கத்து மலைக்காரர்களும் அதில் மாட்டுவார்கள்.

தகவல் உரிமை விண்ணப்பத்தை இந்த மாதமே அனுப்புங்கள். பதிலுக்கு 30 நாள், மேல்முறையீடு என்றால் இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். மனு கார்த்திகைக்குள் கள இயக்குநர் கையில் இருக்க வேண்டும். தை பிறந்தும் பதில் இல்லை என்றால் அப்போது வழக்குத் தாக்கல் செய்ய நேரம் இருக்கும். உத்திரத்துக்கு ஒரு வாரம் முன்பு அவசர மனு என்று வந்தால், அந்த வருடமும் நீங்கள் நான்கு மணிக்குத் திரும்பி வர வேண்டியதுதான்.